மேல்தளத்துக்குக் கீழே நான்கு பீரங்கிகள்

பொம்மைக் கப்பலுக்குப் பீரங்கி செய்வது என்ன பெரிய காரியம் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் பீரங்கி முடிய மூன்று வாரம் பிடித்தது. குழல் என் சுண்டுவிரலில் பாதி நீளம். அதைத் தாங்கும் மர வண்டிக்கு நான்கு சக்கரங்கள், ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. விவேக் நகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூங்கில் குச்சியைச் சீவிச் சீவி அவற்றை அறுத்தேன். ஒரு சக்கரம் தெறித்துக் கீழே விழுந்தால் அதன் பின்னாலேயே நானும் மேசைக்கடியில் போவேன். எழுந்திருக்கும்போது தலை இடிக்கும். பதினான்கு பீரங்கிக்கு ஐம்பத்தாறு சக்கரம். இடி எத்தனை என்பது என் மண்டைக்குத்தான் தெரியும்.

பீரங்கியைவிட எனக்கு அதன் கயிற்றின் மேல்தான் மோகம். சுட்டதும் பீரங்கி பின்னால் பாயும். அதை நிறுத்துவதற்காக அதன் பின்புற வளையத்துக்குள் ஒரு தடித்த கயிறு போகும். கயிற்றின் இரண்டு முனைகளையும் கப்பலின் பக்கச் சுவரில் உள்ள வளைய ஆணிகளில் கட்டியிருப்பார்கள். அத்தனை இரும்பையும் நெருப்பையும் ஒரு கயிறு பிடித்து நிறுத்தியிருக்கிறது. இதை முதலில் யோசித்தவன் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு.

இரண்டு வருட வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கப்பல் மாடல் சங்கத்தின் கண்காட்சி. "ஒவ்வொரு பீரங்கியும் கயிறோட நிக்கும், வந்து பாருங்க" என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை, தூசி தட்டலாம் என்று பின்பக்க மேல்தளத்துக்குக் கீழே டார்ச் அடித்தேன். அங்கே நான்கு பீரங்கிகள் கயிறு இல்லாமல் என்னைப் பார்த்தன.

அந்த நான்கையும் கட்டிவிட்டுத்தான் மேல்தளத்தை ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் பலகைகள் இழை பிசகாமல் பொருந்திய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியிலேயே பசை தடவி ஒட்டிவிட்டேன். இப்போது உள்ளே போக இரண்டு வழிகள்தான். ஒன்று, தளத்தின் முன்பக்க இடைவெளி, இரண்டு விரல் உயரம். என் தடித்த விரலில் இல்லை, சாதாரண மனிதர்களின் விரலில். இன்னொன்று, குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுவர் ஓட்டை.

நான் நிதானமானவன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்த நிதானஸ்தன் முதலில் மின்விசிறியை ஐந்தில் வைத்தான். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தான். தப்பான இடத்தில் பிடித்ததால் நாடி கிடைக்கவில்லை. செத்தே போய்விட்டோம் என்று இரண்டு விநாடி நம்பினான். பிறகு போனை எடுத்தான். கரோனா காலத்து சானிடைசர் மரப்பசையை இளக்கும் என்று அதில் இருந்தது. பாதி படித்ததுமே எடுத்துத் தடவினேன். வார்னிஷையும் இளக்கும் என்பது மீதிப் பாதியில் இருந்திருக்கிறது. தளத்தின் ஓரத்தில் தேமல் மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு படர்ந்தது. பலகை மட்டும் அசையவில்லை.

"மேல்தளத்தை உடைக்கணும். வேற வழியே இல்ல" என்றேன். உளி என் கையில் இருந்தது.

"அத முதல்ல கீழ வைங்க" என்றாள் மனைவி. "பீரங்கிதானே? நாளைக்கு யாரு மேல குண்டு போடப் போறீங்க?" என்னிடம் கேட்டுக்கொண்டே அவள் தன் அக்காவுக்கு போன் போட்டாள்.

அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். சர்ச் வாசல் கடைகளுக்கு ஜெபமாலை கோத்துக் கொடுப்பவர். ஊசிகள் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவோடு வந்தார். கப்பலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"கயிறு எங்கருந்து எங்க போகணும் மாப்ளே?"

காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார்.

"முடிச்சுதானே? வெளிய போட்டு உள்ள அனுப்பிட்டா ஆச்சு."

"முடிச்சு எப்படிக்கா நடந்து போகும்?"

"நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க லைட் பிடிங்க. பேசாம பிடிங்க."

தலைமுடி போல மெல்லிய நீள ஊசியில் கயிற்றைக் கோத்து முன்பக்க இடைவெளி வழியாக உள்ளே விட்டார். ஊசி பீரங்கியின் பின்வளையத்தில் நுழைந்து, வளைய ஆணியில் நுழைந்து, திரும்பி வெளியே வந்தது. வெளியே வந்த முனையை அதே கயிற்றின் மேல் ஒரு தளர்ந்த முடிச்சாகப் போட்டார். முடிச்சின் கண்ணுக்குள் இன்னொரு ஊசி முனையை வைத்து மெதுவாகத் தள்ளினார். இறுகாமல், அவிழாமல், முடிச்சு கயிற்றிலேயே ஊர்ந்து உள்ளே போனது. ஆணியைத் தொட்டதும் ஊசியை உருவிக்கொண்டு கயிற்றைச் சுண்டி இழுத்தார். நச்சென்று உட்கார்ந்தது.

ஜெபமாலையில் ஒவ்வொரு மணியோடும் முடிச்சு ஒட்டி நிற்பது இப்படித்தானாம். எத்தனை ஜெபமாலையைக் கையில் பிடித்திருப்பேன், ஒரு முடிச்சையாவது பார்த்திருப்பேனா?

"மாப்ளே, லைட் ஆடுது. கப்பல் கடல்ல போற மாதிரி இருக்கு."

"பயம்க்கா."

"உங்களுக்கு என்ன பயம்? ஊசி என் கையில இருக்கு."

நான்கு பீரங்கிகள், எட்டு முடிச்சுகள். ஐந்தாவது முடிச்சு பாதி வழியிலேயே இறுகிவிட்டது. அக்கா முகம் சுளிக்கவில்லை. அந்தக் கயிற்றை வெட்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து கோத்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னொரு முறை நாடி பிடித்திருப்பேன். மாலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது எட்டாவது முடிச்சு உட்கார்ந்தது. வெள்ளைத் திட்டின் மேல் நான் வார்னிஷ் பூசினேன். லைட் பிடித்தது போக, அன்று என்னை நம்பி விட்ட ஒரே வேலை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நடுவர் வந்தார். பல் டாக்டர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி ஒரு கையில், டார்ச் ஒரு கையில். நேராக மேல்தளத்துக்குக் கீழேதான் கண்ணாடியை விட்டார். என் பின்னால் அலுவலகத்து ஆட்கள் ஆறு பேர், மனைவி, அக்கா.

"சார், ஒந்து விஷயா" என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார் நடுவர். "உள்ள இருக்கிற நாலும் ஃபஸ்ட் கிளாஸ். வெளிய இருக்கிற இந்தப் பத்தை யார் கட்டினது?"

அந்தப் பத்தும் நான் கட்டியவை. ஒவ்வொரு முடிச்சும் மிளகு மாதிரி உருண்டு நின்றது.

"உள்ள இருக்கறது இவங்க" என்று அக்காவைக் காட்டினேன். "வெளிய இருக்கறது..." மின்விசிறி எங்கே என்று தேடினேன்.

அக்கா குனிந்து என் பத்தையும் வரிசையாகப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது நன்றாகத் தெரிந்தது.

"கப்பலை உடைக்கலைல்ல மாப்ளே, அது போதும்" என்றார். "இதை ஒவ்வொண்ணா அவிழ்த்து வைங்க. செவ்வாக்கிழமை வரேன்."

இதுவரை ஏழு பீரங்கிகளின் கயிற்றை அவிழ்த்திருக்கிறேன். மீதி மூன்றும் அவிழ மறுக்கின்றன. முடிச்சாகக் கட்டியதைவிட அந்த மூன்றுக்கும் பசைதான் அதிகம் போட்டிருக்கிறேன்.