அலுமாரிக் கதவில் எட்டு மீன்கள்

அந்தப் புத்தகத்தை என் நானாதான் கற்பிட்டியிலிருந்து கொண்டுவந்தார். கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு ஹோட்டலில் அவருக்குச் சமையல் வேலை. யாரோ ஒரு விருந்தாளி அதை அறையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். பல மாதமாகியும் யாரும் கேட்டு வரவில்லை. "உங்கட தங்கச்சி படம் கீறுற புள்ளதானே, கொண்டு போங்க" என்று மெனேஜர் கொடுத்துவிட்டாராம்.

உலகமெல்லாம் பெயர் தெரிந்த ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றிய புத்தகம் அது. ஆனால் அதில் பாட்டுகள் இல்லை, படங்கள்தான். முதல் பாதியில் குழுவில் இருந்தவர்களே வரைந்தவை. கிட்டார் வாசிப்பவர் ஊர் ஊராகப் போகும்போது சப்பாத்துகளையும், பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கும் தன் கூட்டாளிகளையும் மையால் கீறியிருந்தார். பாடுகிறவர் இசைத்தட்டு உறைகளுக்கு எண்ணெய் வர்ணத்தில் வரைந்திருந்தார். மற்றப் பாதி, அவர்களுடைய இசையில் பைத்தியமானவர்கள் எங்கெங்கோ இருந்து வரைந்து அனுப்பியவை. சுவரில், குடையில், போர்வையில், ஒரு பழைய லொறியின் கதவில். எல்லாவற்றிலும் குழுவின் சின்னம் எங்காவது இருக்கும்: எட்டு ஆரங்கள் உள்ள ஒரு சக்கரம், அதன் நடுவில் திறந்த கண்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மாம்புரியில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவின் ஒரு பாட்டைக்கூட நான் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கீறினேன். பிறகு சொந்தமாக ஒன்று வரைய ஆசை வந்தது. தொழுகிற வீட்டில் கண் வைத்த உயிர்களின் படம் இருப்பது வாப்பாவுக்குப் பிடிக்காது. அதனால் என் அறை அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் வரைந்தேன். சக்கரத்தின் ஆரங்களை எட்டுப் பாரை மீன்களாக மாற்றினேன். வால்கள் நடுவை நோக்கி, தலைகள் வெளியே. வட்டத்தை வலைக் கயிறாக்கினேன். நடுவில் அந்தக் கண். அலுமாரியைத் திறந்து உடுப்பு எடுக்கும்போதெல்லாம் மனது நிறையும். நானாவுக்கு மட்டும் காட்டியிருந்தேன்.

தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த அந்த ஏப்ரல் வந்தது. வைத்தவர்கள் எங்கள் மதத்தின் பெயரைச் சொன்னவர்கள், அதனால் முஸ்லிம் வீடுகளில் ஆயுதம் தேடிச் சோதனை போட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. நானாவின் ஹோட்டலில் ஆட்களே இல்லை, அவர் வீட்டில் இருந்தார். உம்மா குசினியில் ஒரு கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரு பையில் சுற்றினா. எங்கே ஒளிப்பது என்று தெரியாமல், பிறகு அவிழ்த்துப் பழைய இடத்திலேயே வைத்தா. "ஒளிச்சாத்தான் சந்தேகம் வரும்" என்று வாப்பா சொன்னார்.

ஒரு நாள் போனில் ஒரு செய்தி சுற்றியது. உடுப்பில் இருந்த ஒரு சக்கரத்தைப் பார்த்து, அது தர்மச் சக்கரம், பௌத்த மதத்தை அவமதித்துவிட்டாள் என்று ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். அது வெறும் கப்பல் சுக்கான் படமாம்.

அதை வாசித்தவுடன் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தேன். அதுவரை எனக்கு அது மீன்தான். அன்றைக்கு முதல்முறையாக வாசலில் நின்று, வேறு ஆளின் கண்ணால் பார்த்தேன். தூரத்திலிருந்து மீன் தெரியவில்லை. எட்டு ஆரம், ஒரு வட்டம். விகாரை வாசலில் பார்க்கிற அதே சக்கரம்.

கடைகள் பூட்டியிருந்தன, பெயின்ட் வாங்க வழியில்லை. துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தேய்த்தேன். நிறங்கள் கரைந்து ஒன்றோடொன்று வழிந்தனவே தவிர, சக்கரம் போகவில்லை. இப்போது அது யாரோ அவசரமாக மறைக்கப் பார்த்த சக்கரமாக இருந்தது. நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "விடு புள்ள, மீன்தானே" என்றார். ஆனால் கதவை மூடியபின், சரியாக மூடியிருக்கிறதா என்று அவரும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் பாண் தின்றுகொண்டிருந்தபோது சோதனைக்கு வந்தார்கள். ஆமியும் பொலிஸுமாகப் பத்துப் பேர், ஒரு பெண் கான்ஸ்டபிளும். மரியாதையாகத்தான் நடந்தார்கள். அரிசி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள், மெத்தையைத் தூக்கினார்கள். என் அறைக்குள் ஓர் இளம் ஆமிக்காரர் போனார். அலுமாரிக் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு, "சேர்!"

பொலிஸ் அதிகாரி வந்து கதவின் முன் நின்றார். "மே மொகக்த?" இது என்ன என்று கேட்டார். எனக்குச் சிங்களம் ஓரளவு தெரியும், ஆனால் அந்த நேரத்தில் தமிழ்கூட வரவில்லை. அவர் விரலால் வர்ணத்தைத் தொட்டு முகர்ந்தார். "மண்ணெண்ணெய். ஏன் அழிக்கப் பார்த்தீங்க?" உடுப்புகளுக்கு அடியிலிருந்து புத்தகத்தையும் எடுத்தார். அட்டையில் இருந்த குழுவின் பெயர் வளைந்து நெளிந்த எழுத்தில் இருந்தது. "இது அரபியா?" என்றார்.

"இங்கிலீசு சேர்" என்றார் நானா.

"படத்தை யார் கீறினது?"

உம்மா என்னைப் பார்க்கவில்லை, உம்மாவுக்குத் தெரியவே தெரியாது. சுவர் மணிக்கூட்டின் சத்தம் மட்டும் கேட்டது. "நான்தான் சேர்" என்று நானா சொன்னார்.

அவர் இல்லை, கீறினது நான் என்று நான் சொல்லவில்லை. அவர் செருப்பைத் தேடிப் போட்டார், அப்போதும் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறினார், புத்தகத்தையும் கொண்டுபோனார்கள். நான் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று பகல் வாப்பாவிடமும் உம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார்கள் என்று நினைத்தேன், அவர்கள் ஏசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வாப்பா பொலிஸுக்குப் போய், விசாரணை நடக்கிறது என்ற பதிலோடு திரும்பிவந்தார். றோட்டில் ஒவ்வொரு வாகனம் திரும்பும்போதும் நாங்கள் மூவரும் எழுந்து நின்றோம். மரக்கறி லொறி வந்தாலும் எழுந்து நின்றோம்.

மூன்றாம் நாள் பொலிஸிலிருந்து ஒரு செய்தி வந்தது: "படம் கீறின ஆள் வரட்டும்."

எப்படித் தெரிந்தது என்று எங்களுக்குப் புரியவில்லை. வாப்பாவுடன் போனேன். வழி முழுக்க ஓதிக்கொண்டே போனேன், பாதியில் மறந்து மறந்து முதலில் இருந்து தொடங்கினேன்.

நானா ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார். அடித்ததாகத் தெரியவில்லை. மூன்று நாள் தாடி மட்டும். அதிகாரியின் மேசையில் ஒரு தாள் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. நானாவிடம் தாளைக் கொடுத்து, அதே படத்தைத் திரும்பக் கீறச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கீறியது ஒரு சைக்கிள் சக்கரத்துக்குள் எட்டு மிளகாய் போல இருந்தது.

"உங்கட நானாவுக்கு ஒரு மீன் கீறத் தெரியாது" என்றார் அதிகாரி. பெண் கான்ஸ்டபிள் தமிழில் சொன்னார்: "உண்மையைச் சொல்லட்டாம்."

"நான் சேர். நான்தான் கீறினது."

"அப்ப கீறுங்க."

ஒரு புதுத் தாளையும் பேனையையும் தள்ளினார். வட்டத்தைத் தொடங்கினேன். கோடு முட்டை மாதிரிப் போனது. தாளில் என் வியர்வை சொட்டியது. இது பிழையாகப் போனால் நானாவும் நானும் இரண்டு பேரும் பொய்யர்கள். வட்டத்தை விட்டுவிட்டு ஒரு மீனைத் தொடங்கினேன். இரண்டாவது மீன், மூன்றாவது மீன். அதற்குள் கோடு சொன்னபடி வரத் தொடங்கியது. எனக்குத் தைரியம் வரவில்லை. செட்டையைச் சரியாகப் போடவேண்டும் என்ற ஒரே நினைப்பு, அவ்வளவுதான். மேசையைச் சுற்றி ஆட்கள் வந்து நிற்பதை உணர்ந்தேன், தலை நிமிரவில்லை. எட்டாவது மீனும் முடிந்து, கண்ணையும் வைத்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தேன்.

அதிகாரி தன் போனில் இருந்த அலுமாரிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒண்டுமில்ல சேர். புத்தகத்துல பார்த்தன், வடிவா இருந்திச்சி. எங்கட ஊரு மீனப் போட்டன்."

"இவங்கட பாட்டு கேட்டிருக்கிறீங்களா?"

"இல்ல சேர்."

அவர் நம்பவில்லை. போனில் அந்தக் குழுவின் பெயரைத் தேடி ஏதோ ஒன்றை அழுத்தினார். திடீரென்று கிட்டார்களும் மேளமுமாக ஒரு பெரிய சத்தம் பொலிஸ் நிலையம் முழுக்க வெடித்தது. நான் கதிரையிலிருந்து துள்ளி எழுந்து காதைப் பொத்தினேன். வாசலில் நின்ற காவற்காரர் துவக்கோடு உள்ளே ஓடிவந்தார். அதிகாரி அவசரமாகப் போனை நிறுத்தினார். அப்படித்தான் நான் அந்தக் குழுவின் பாட்டை முதன்முதலாகக் கேட்டேன். நான் பயந்த பயம் நடிப்பில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். கேட்காமலே பெண் கான்ஸ்டபிள் பக்கத்தில் வந்து வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். கடைசி வரியில், "மீன் எட்டு" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அன்று பின்னேரம் நானாவை விட்டார்கள். புத்தகம் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். நாங்கள் அதைக் கேட்டுத் திரும்பிப் போகவே இல்லை.

திரும்பிவரும்போது ஆட்டோவில் நானாவைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"நீ வாயத் தொறக்கல்லயே. யாராவது சொல்லணும்தானே. கீறச் சொல்லுவாங்கண்டு எனக்கெங்க தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சத் தூரம் போனபின் அவரே சொன்னார்: "நீ வரக்கூடாதுண்டு துஆக் கேட்டன். பொறகு நீ வரணும்ண்டும் கேட்டன். ரெண்டையும்தான் கேட்டன்."

நானா இப்போது வெளிநாட்டில், ஒரு பெரிய சமையலறையில் வேலை செய்கிறார். போனில் கதைக்கும்போது தன் மிளகாய்ச் சக்கரத்தைச் சொல்லித் தானே சிரிக்கிறார். என்னால் இன்னும் முடிவதில்லை. அவர் "நான்தான்" என்று சொல்வதற்கு முன்னால் எனக்கு நேரம் இருந்தது. அந்த மணிக்கூட்டுச் சத்தத்தை அதற்குப் பிறகு நிறைய நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடத்துக்கு மேல் நான் எதையும் வரையவில்லை. பிறகு மெல்லத் தொடங்கினேன். இப்போது ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் கவராயத்தால் வட்டம் போட்டு உள்ளே பிரிக்கும்போது, எத்தனை பிரிவு என்று என் கண் தானாக எண்ணுகிறது. எட்டு என்றால், இன்னொரு கோடு போடுங்கள் மகள் என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. வீட்டில் நான் வரைகிற ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் அது என்ன என்பதைத் தமிழிலும், அதற்குப் பிறகு எழுதப் பழகிய சிங்களத்திலும், இங்கிலீசிலும் எழுதி வைக்கிறேன். போன கிழமை ஒரு வெறும் தென்னை மரத்தை வரைந்தேன். அதன் பின்பக்கத்திலும் எழுதினேன்: இது தென்னை மரம்.