பஞ்சாங்கத்தில் இல்லாத விரதங்கள்

நெடுங்கேணிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டாம் தரத்துக்குச் சுகாதாரம் படிப்பிக்கிறேன். போன வருடம் முதலாம் தவணையில், பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிட்டுப் பழகட்டும் என்று, ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமையில் எல்லோரையும் தராசில் ஏற்றி நிறுத்தேன். நிறையைத் திகதியோடு அட்டையில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். எழுதிவைத்தால் எதுவும் திருந்தும் என்று நம்புகிற ஆள் நான்.

அட்டையில் ஆகக் கூடிய நிறை ஒரு பெண்பிள்ளையுடையது. அவள் வாசலுக்கு வந்தாலே பெடியள் தொடங்கிவிடுவார்கள்: "தேர் வருது, வழி விடுங்கோடா!" அவர்களை அதட்டினேன். அட்டையைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

மாசியில் அவள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு வராமல் விட்டாள். கேட்டால், "விரதம் ரீச்சர்." முதலில் வெள்ளி, பிறகு செவ்வாய், பிறகு ஏகாதசி. விரதம் இருக்கிறவரைச் சாப்பிடச் சொல்வது எங்கள் பக்கத்தில் பாவம். நானும் மெச்சினேன். சாப்பாட்டுப் பதிவில் அவள் பெயருக்கு நேரே "விரதம்" என்று எழுதிக்கொண்டு போனேன்.

ஒரு புதன்கிழமை, "இண்டைக்குச் சதுர்த்தி" என்றாள். நாட்குறிப்பில் திகதியோடு திதியும் எழுதுவது என் வழக்கம். அன்று அட்டமி. பதிவையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்ன விரதங்களில் பாதிக்கு மேல் இல்லாதவை.

பள்ளிக்கூடம் விட்டபின் கூப்பிட்டேன். "பிள்ளை, சதுர்த்தி சனிக்கிழமையே போயிட்டுது."

அவள் மறுக்கவில்லை. "வாற திங்கள் நிறுக்கேக்க குறைஞ்சிருப்பனோ ரீச்சர்?"

அன்றே அட்டையைக் கழற்றிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். தாய் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தா. சொன்னதும் கை நின்றது. "சாமிப் பக்தியெண்டெல்லோ ஊரெல்லாம் பெருமையாச் சொல்லித் திரிஞ்சனான். தலைச்சுத்து எண்டவள், நான் திருநீறு பூசி விட்டனான்."

மறுநாள் வகுப்பில், அட்டையை ஒட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தன், "பரவாயில்லை ரீச்சர், எல்லாற்ற நிறையும் எங்களுக்கு மனப்பாடம்" என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இப்போது நானும் பிள்ளைகளோடு இருந்து அதே சோறும் கீரையும் சாப்பிடுகிறேன். அவள் என் பக்கத்தில். நான் பார்த்தால் ஒரு வாய் வைப்பாள். நான் லீவில் நின்ற நாட்களைப் பற்றி விசாரித்தால், "ஓம், சாப்பிட்டவள்" என்கிறார்கள் மற்றப் பிள்ளைகள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி.