சாமித்தம்பி மாஸ்டர் மூலைக்குத் தள்ளிய பெட்டிகள்

சாமித்தம்பி மாஸ்டர் காலமான செய்தி எனக்கு ஒரு நோட்டீஸாகத்தான் வந்தது. கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு தேநீர்க்கடைச் சுவரில் பசை காயாமல் ஒட்டியிருந்தது. படத்தைக் கண்டு திடுக்கிட்டு நின்றவனுக்கு, கீழே வாசித்ததும் கோபம்தான் வந்தது. 'காலஞ்சென்ற பூமணியின் அன்புக் கணவரும், காலஞ்சென்ற சுதனின் பாசமிகு தந்தையும்' என்று அச்சடித்திருந்தார்கள். அவருடைய மனைவி பூமணியக்காவைச் சுனாமி கொண்டுபோனது ஊருக்கே தெரியும். மகன் சுதனின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போட இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்த மனுஷன் உயிரோடு இருந்தவரை ஒருவரையும் சொல்லவிடாத சொல் அது. அவர் வாய் மூடிய அன்றே அச்சுக்குப் போய்விட்டது.

அவரோடும் என்னோடும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்களுக்கும், அவரிடம் ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மாஸ்டர் படிப்பித்தது வர்த்தகம். பேசியதெல்லாம் பாட்டுப் பெட்டியைப் பற்றி. புதிய செட் வாங்கப்போவதாக ஆசிரியர் அறையில் யாராவது வாய்விட்டால் தொலைந்தது. "காசைக் கரியாக்க முதல் இருக்கிற பெட்டியை நகத்திப் பாருங்க" என்பார். சொல்வதோடு விடமாட்டார், வீட்டுக்கே வந்துவிடுவார். என் வீட்டில் அலுமாரிக்கு மேலே இருந்த ஸ்பீக்கர்களை இறக்கி, கதிரையில் இருப்பவரின் காது மட்டத்துக்கு வைத்து, அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்டார். ஒன்றில் வயர் மாறிக் கிடந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினார். எதிர்ச்சுவரில் ஒரு பன்பாயைத் தொங்கவிடச் சொன்னபோது என் மனைவி முகம் சுளித்தாள். பாட்டைப் போட்டதும் பாடுகிறவர் அறைக்குள் வந்து நின்றமாதிரி இருந்தது. பாய் சுவரிலேயே தங்கிவிட்டது. நான் சத்தத்தைக் கூட்டப் போக, கையைத் தட்டிவிட்டார்.

"கூட்டுறது கேக்கத் தெரியாதவன்ட வேலை, மாஸ்டர்."

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவருக்குத் தன் வீட்டில் மட்டும் செல்லுபடியாகவில்லை. கடற்கரையோரம் நாவலடியில் இருந்த காலத்தில், சுதன் ஸ்பீக்கர்களை மூலைக்குத் தள்ளுவான். மூலையில் வைத்தால் அடிச்சத்தம் கூடும், நெஞ்சில் இடிக்கும். அவனுக்கு அதுதான் பாட்டு. தகப்பன் வந்து, பாட்டுக் கலங்குகிறது என்று சொல்லிச் சுவரிலிருந்து ஒரு முழம் வெளியே இழுப்பார். அவர் வெளிக்கிட்டதும் அவை திரும்ப மூலைக்குப் போகும். இவர்கள் இருவராலும் பெட்டிக்குக் கால் முளைத்துவிடும் என்று பூமணியக்கா சிரிப்பார்.

கடல் வந்த காலையில் தகப்பனும் மகனும் வாவிக்கு அந்தப் பக்கம் புளியந்தீவில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தார்கள். அவர் கழித்துவிட்ட ஒரு சோடி ஸ்பீக்கர்களை எடுத்துவரப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அக்காவும் இல்லை. அந்தப் பெட்டிகள்தான் இருவரையும் காப்பாற்றியதாகச் செத்தவீட்டில் ஒருவர் ஆறுதல் சொன்னார். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க. அதாலதான் நான் அவக்குப் பக்கத்தில இல்லாமப் போனன்."

பிறகு வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது, அந்தச் சோடிப் பெட்டிகளும் அங்கே போயின. சமாதான காலத்தில் கட்டட வேலை கிடைத்து சுதன் வன்னிக்குப் போனான். சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டியதும் அங்கேயே அகப்பட்டான். மாஸ்டர் தனித்துப்போனார். வெறும் சீமெந்துச் சுவர்களுக்குள் ஒவ்வொரு பாட்டும் இரண்டாகக் கேட்டது. பாய் தொங்கவிடலாமே என்றேன். பாயெல்லாம் சும்மா, ஆட்கள் நிறைந்த வீட்டில் அவர்களுடைய உடம்பே எதிரொலியை வாங்கிக்கொள்ளும் என்றார்.

சண்டை முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்திய அன்று அவரிடம் ஓடினேன். தெருவுக்கே கேட்கிறமாதிரி பாட்டுப் போட்டிருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாகச் சத்தத்தைக் கூட்டியிருந்தார், வெடிச்சத்தம் காதில் விழக்கூடாது என்பதற்காக. வெடி ஓய்ந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து, இரண்டு பெட்டிகளையும் மூலைக்குத் தள்ளினார்.

"அவனுக்கு இப்பிடித்தான் புடிக்கும். வந்து பாக்கட்டும்."

சுதன் வரவில்லை, தகவலும் இல்லை. அதன் பிறகு சாகும்வரை அவர் பெட்டிகளை நகர்த்தவில்லை. அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு, கலங்கிய பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தார். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல்கள் சுலபமாகும் என்றார்களாம். உடம்பைக் காட்டுங்கள், எடுக்கிறேன் என்று அனுப்பிவிட்டார். சுதனின் படத்துக்கு மாலை போட வந்த சொந்தக்காரரையும் வாசலோடு திருப்பினார். பிடிவாதம், மூளை பிசகிவிட்டது என்றெல்லாம் கதைத்தார்கள். இதை வாசிக்கிற உங்களில் சிலரும் கதைத்தீர்கள். என் காதாலேயே கேட்டேன்.

மாஸ்டரின் செத்தவீட்டில் கதிரை போட இடம் வேண்டுமென்று அந்தப் பெட்டிகளை முற்றத்தில் வெயிலில் போட்டிருந்தார்கள். நோட்டீஸ் அடித்தவர் அவருடைய தங்கையின் மகன். அந்தச் சொல்லை ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"இவ்வளவு காலமா வராதவன் இனி எங்க வாறது, மாஸ்டர்? போடாட்டிச் சனம் கேள்வி கேக்கும்."

சனத்துக்குப் பதில் சொல்லச் சுலபமாயிருக்க ஒரு பிள்ளையைச் சாகடித்துவிட்டார்கள். பெட்டிகளைக் கேட்டேன். ஒருவருக்கும் தேவையில்லை, கொண்டுபோங்கள் என்றார். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாஸ்டரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த ஒரு சோடிதான். சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்து வைத்தால் பாட்டுத் தெளியும் என்று, அவர் சொல்லித் தந்ததையே என் மனைவி எனக்குச் சொல்கிறாள். தெளியும்தான். அந்த நோட்டீஸை நம்பாதவர்கள் யாராவது எங்கேயாவது சுதனைக் கண்டால் சொல்லுங்கள். அப்பாவின் பெட்டிகள் என் வீட்டில் இருக்கின்றன. மூலையில்தான் வைத்திருக்கிறேன்.