சரோஜ் நர்ஸ் போட்ட ஊசி

ஃபீஜித் தீவில், ட்ராசா ஊரில் சரோஜ் நர்ஸின் பக்கத்து வீடு காலியாகிப் பல வருஷமாகிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, கரும்புத் தோட்டத்திலிருந்து காற்று எழும்பும் நேரத்தில், அந்த வீட்டிலிருந்து ஓர் ஆண்குரல் வரும். "வேணாம், சரோஜு." அவ்வளவுதான். சரோஜ் உடனே எழுந்து ரேடியோவைப் பெரிதாக வைப்பாள்.

பேய், பிசாசு என்றால் சிரிக்கிறவள் அவள். லவுடோகா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றவள். செத்தவன் குரல் கேட்டாலாவது ஒரு நியாயம் இருக்கிறது. இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் சிட்னியில் மகன் வீட்டில் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறவரை எந்தப் பூசாரியிடம் போய் ஓட்டச் சொல்வது?

அவர் பெயர் ஹனீஃப். லாரிக்காரர். காய்கறி ஏற்றிக்கொண்டு தலைநகர் சூவாவின் மார்க்கெட்டுக்குப் போவார். இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம், பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்த அன்றைக்கும் போயிருந்தார். ஊரே இந்தியர் கடைகளை உடைத்துக்கொண்டிருக்க, எவனோ எறிந்த கல் லாரிக் கண்ணாடியை உடைத்து அவர் தலையில் விழுந்தது. உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போயின. நாள் முழுக்கச் சளசளவென்று பேசிய மனிதர், நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காது.

அந்த வருஷம் ட்ராசா இந்தியர்களில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். ஹனீஃபின் மகன் ஷாஃபீக் ஏற்கெனவே சிட்னிக்குப் போய்விட்டவன். அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தான். விசாவுக்கு அப்பா மெடிக்கல் பரிசோதனையில் தேற வேண்டும் என்பதுதான் சிக்கல். எங்கெங்கோ விசாரித்து, யாரோ தெரிந்தவர் கையில் ஒரு பெட்டி மருந்து கொடுத்தனுப்பினான். தேன் நிறத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள்.

லவுடோகா டாக்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஹனீஃபின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் எல்லாம் சொன்னார். "இது பன்றி மூளையிலிருந்து எடுக்கிற மருந்து. அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அடிபட்ட மூளையைக் காக்கும், தேற்றும் என்று சில நாடுகளில் போடுகிறார்கள். சில நாடுகளில் நம்பவில்லை. நானும் பலன் வரும் என்று சத்தியம் செய்யமாட்டேன். உங்களுக்குச் சம்மதமா?"

கேட்டது ஹனீஃபின் மனைவி பர்வீனிடம். பேசாத மனிதனுக்குக் காதும் கிடையாது என்று நாமெல்லாம் முடிவு கட்டிவிடுகிறோம், அந்தப் புத்தியை எங்கே போய்ச் சொல்ல!

பர்வீன் பள்ளிவாசலுக்குப் போய் மௌலானாவைக் கேட்டாள். "வேறு வழி இல்லையென்றால் மருந்தாகப் போடலாம், குற்றமில்லை. ஆனால் அவர் வாயால் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்" என்றார் அவர். வாயே இல்லாதவர் எங்கே சொல்லப் போகிறார்? பர்வீன் தைரியமாக வீடு திரும்பி, சரோஜைக் கூப்பிட்டாள்.

பர்வீன் அடுத்த தீவில் லம்பாசாப் பக்கத்துப் பெண். பேச்செல்லாம் ஹிந்தி. ஹனீஃபும் சரோஜும் அப்படியில்லை. மதராஸிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகள், ஒரே குடியிருப்பில் ஒன்றாக வளர்ந்தவர்கள். வேலியோரம் நின்று இரண்டு பேரும் தமிழில் வம்பளந்தால் ஊரில் யாருக்கும் விளங்காது. அந்தத் தைரியத்தில்தான் ஊரையே கிழிப்பார்கள்.

சரோஜிடம் ஒரு பழக்கம் உண்டு. நினைவில்லாமல் கிடப்பவரானாலும் சரி, "போடட்டுமா?" என்று கேட்காமல் ஊசியை ஏற்றமாட்டாள். ஃபீஜிக்காரரிடம் ஃபீஜி, ஹிந்திக்காரரிடம் ஹிந்தி. ஹனீஃபிடம் தினமும் தமிழில் கேட்டாள். "அண்ணே, போடட்டுமா?" பதில் வராது. குனிந்து நரம்பைப் பிடித்து மெதுவாக மருந்தை இறக்குவாள். அவர் கை ஆடாமல் பர்வீன் எதிரே உட்கார்ந்து பிடித்துக்கொள்வாள்.

பெட்டியில் பாதி தீர்ந்திருக்கும். ஒரு காலை, வழக்கம்போல் கேட்டாள். "அண்ணே, போடட்டுமா?"

"வேணாம்."

குனிந்த தலையைச் சரோஜ் நிமிர்த்தவில்லை. முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். பேச்சு வந்துவிட்டது! அப்புறம் அடுத்த சொல்லும் வந்தது. "பன்னி... வேணாம், சரோஜு."

"தீதீ, பேசறாரு! என்ன சொல்றாரு?" பர்வீன் ஹிந்தியில் கத்தினாள். கண்ணில் தண்ணீர் ஓடியது.

என்ன சொல்வது? வேண்டாம் என்று சொல்லக் கொடுத்ததே அந்த மருந்துதானோ என்னவோ. நிறுத்தினால் வந்த பேச்சும் போய்விட்டால்? மெடிக்கல் என்னாவது? நிறுத்தாவிட்டால், அந்த மனிதருக்கு இத்தனை வருஷத் தொழுகை என்னாவது? நினைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்தது.

"அம்மாவைக் கூப்பிடறாரு" என்றாள் சரோஜ். ஊசியை ஏற்றினாள்.

மறுநாளிலிருந்து அவள் "போடட்டுமா" என்று கேட்கவில்லை. அவள் கேட்காமலே அவர் சொன்னார். தினமும் சொன்னார், தினமும் இன்னும் தெளிவாக. இடது கையை இழுத்துக்கொண்டார். பர்வீன் பிடியை விடவில்லை. சரோஜ் நரம்பைத் தவிர எதையும் பார்க்காமல் பெட்டியைக் காலி செய்தாள்.

கொஞ்ச நாளில் ஹிந்தியும் வந்தது, காலும் நிலைத்தது. மருந்தின் பலனா, தானாகத் தேறியதா என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஹிந்தி வந்ததும் அவர் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சரோஜிடம் தமிழிலும் பேசவில்லை. "நர்ஸ்ஜி, நமஸ்தே" என்பார், ஏதோ பஸ்ஸில் பார்த்த ஆளைப்போல. மெடிக்கலும் தேறியது.

நாடி விமான நிலையத்துக்குச் சரோஜும் போனாள். ஹனீஃப் கம்பு ஊன்றி வரிசையில் முன்னால் நின்றார். பர்வீன் பையை வைத்துவிட்டு வந்து சரோஜின் கைகளைப் பிடித்தாள். சரோஜுக்குத் தாங்கவில்லை. "பர்வீன், அன்னைக்கு அவரு அம்மாவைக் கூப்பிடலை" என்று ஹிந்தியில் ஆரம்பித்தாள்.

"தெரியும்" என்றாள் பர்வீன், தமிழில்.

அந்த வாயிலிருந்து சரோஜ் தமிழ் கேட்டதே இல்லை.

"நாப்பது வருசம் எங்க மாமியாரு என்னைத் தமிழ்லதான் திட்டிச்சு. வேணாம்னா புரியாதா, தீதீ? நீ உள்ளதச் சொல்லிட்டா நான் நிறுத்தியாகணும். சொல்லிடுவியோன்னு பயந்துக்கிட்டேதான் கேட்டேன்."

"எங்கிட்ட சொன்னாரு, நான்தான்..."

"உன் பேரச் சொன்னாரு. நீ குனிஞ்சுக்கிட்டிருந்தே. அவரு பாத்ததெல்லாம் என்னைத்தான். எனக்குத் தமிழ் புரியும்னு அவருக்குத் தெரியும்."

வரிசை நகர்ந்தது. பர்வீன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையைத் தூக்கிப்போய்க் கணவன் பக்கத்தில் நின்று, அவர் தடுமாறாமலிருக்க முழங்கையைப் பிடித்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் அந்தக் கையை எடுத்துவிட்டு, ஓர் அடி தள்ளி நின்றார்.