கள்ளக் கையெழுத்து என்று எழுதிக் கொடுத்தேன்

போன மாதம் நடந்தது. வெட்கக்கேடு... எழுதலாமா வேண்டாமா என்று நாலு வாரம் தள்ளிப்போட்டேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

வீட்டுக் கூரையை மாற்றக் கடன் கேட்டு ஹட்டனில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். இருபது வருடமாக அரசாங்க வாத்தியார் உத்தியோகம். வாங்கிய கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. அந்தத் தைரியத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

என் கடன் அறிக்கையைப் பார்த்த, கவுன்டரில் இருந்த வங்கி மிஸ் தயங்கினார். "சேர், ஒரு ஆட்டோ லீசிங்ல ரெண்டு தவணை நிலுவைன்னு உங்க பேர்ல விழுந்திருக்கு. அதனால உங்க கடன் ஸ்கோர் குறைஞ்சிருக்குங்க."

ஆட்டோவா? எனக்கா? என்னிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை!

"நீங்க பிணை நின்னிருக்கீங்கன்னு போட்டிருக்கு சேர்."

"எவனோ என் கையெழுத்தக் கள்ளமா போட்டிருக்கான்!" நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிழை என்றால் ஆட்சேபிக்கலாம் என்று மிஸ் ஒரு படிவத்தை நீட்டினார். எனக்கு ஒரு பயம் — ஆட்சேபித்தால் ஸ்கோர் இன்னும் இறங்குமோ?

"இல்லைங்க சேர். ஆட்சேபிச்சதுக்காகக் குறையாது. ஏறவும் ஏறாது. விசாரிச்சுப் பிழைன்னா திருத்துவாங்க, அப்பதான் மாறும். சரின்னா அப்படியே இருக்கும்." பிறகு மெதுவாக, "எதுக்கும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்களேன்" என்றார்.

யோசிப்பதாவது! எனக்கு நட்டமில்லையே, பிறகென்ன? 'கள்ளக் கையெழுத்து' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து யோகராஜ் என் வாசலில் நின்றார். கொட்டகலை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர், நான் பிறந்த அதே தேயிலைத் தோட்டத்துக்காரர். கையில் ஒரு போட்டோகொப்பி.

"சேர், இது நீங்க போட்ட கையெழுத்துதானுங்களே? நான் கள்ளக் கையெழுத்து போட்டேன்னு லீசிங் கம்பெனியில சொல்றாங்க. ஸ்டாண்டுக்கே வந்து எல்லார் முன்னுக்கும் விசாரிச்சாங்க. வண்டியத் தூக்கிருவாங்களாம்."

பார்த்தேன். என் கையெழுத்தேதான்.

மலையகத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து படித்து ஒருவன் அரசாங்கச் சம்பளத்துக்கு வந்துவிட்டால், தோட்டத்துக்கே அவன்தான் பிணை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பிணைக் கடதாசியை நீட்டுவார்கள். வாசித்துப் பார்த்தால் 'நம்பலைங்களா சேர்?' என்று முகம் வாடிவிடும். எத்தனை பேருக்குப் போட்டிருப்பேன்? போட்ட கையோடு மறந்துவிடுவதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்திருந்தேன்.

"சம்சாரம் ஆஸ்பத்திரியில இருந்துச்சு, ரெண்டு மாசம் கட்ட முடியல. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். எம்மேலதான் தப்பு, மன்னிச்சிருங்க சேர்."

மன்னிப்புக் கேட்டது அவர்! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மறுநாளே அவருடன் லீசிங் கம்பெனிக்குப் போய், கையெழுத்து என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தேன். ஆட்சேபனையையும் வாபஸ் வாங்கினேன். வண்டி தப்பியது. நிலுவையைக் கட்டி முடித்தால் என் ஸ்கோரும் மெல்ல மெல்ல ஏறுமாம். "ஆட்சேபிச்சதால உங்க ஸ்கோருக்கு ஒண்ணும் ஆகல சேர்" என்று வங்கி மிஸ் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலைக் கேட்க எனக்கு இன்னும் கூசியது.

போன திங்கட்கிழமை கொட்டகலை ஸ்டாண்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் ஒரு டிரைவர், "ஏய் கள்ளக் கையெழுத்து, ஒனக்கு ஹயர் வந்திருக்கு பாரு, சேர ஏத்திக்கோ!" என்று யோகராஜைக் கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். யோகராஜும் சிரித்தார்; என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஆட்சேபனையை வாபஸ் வாங்கப் படிவம் இருக்கிறது. அந்தப் பட்டப்பெயரை வாபஸ் வாங்க நான் எந்தக் கவுன்டருக்குப் போவது?