பாபின் என்னும் நாயும் கஸெட் துரையும்

"இங்கிலீஷ்ல உனக்குத் தெரியாத வார்த்தை ஏதாச்சும் இருக்குதா அம்மிணி?"

வேலைக்கு எடுக்கும்போது முதலாளி கேட்ட ஒரே கேள்வி இதுதான். "இல்லீங்க" என்றேன். டைப்பிங் ஹையர் பாஸ் செய்த திமிர். எழுபதுகளில் திருப்பூர் பனியன் கம்பெனியில் பெண் டைப்பிஸ்ட் என்றால் வேடிக்கை பார்க்கவே ஆள் வரும். "மூணு மாசம் பாக்கறேன். சரிப்பட்டா நிரந்தரம்" என்றார். சரிப்படாவிட்டால் என்ன என்பது வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. சேவூரில் ஒரு மாமன் மகன் தயாராக இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

முதல் வாரமே வினை வந்தது. பவர் டேபிளில் தைக்கும் காதர் அண்ணன் டீ டயத்தில் கையில் பாபினோடு ஆபீஸ் வாசலில் நின்றார்.

"ஏனுங் அம்மிணி, நூல் சுத்தற இதுக்கு வெள்ளைக்காரன் ஏன் பாபின்னு பேரு வெச்சான்?"

எதிரிலேயே முதலாளி உட்கார்ந்திருந்தார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"லண்டன்ல ஒரு சீமாட்டி ஊட்டு நாயிங்கண்ணா. குண்டு நாயி. தூண்ல கட்டிப் போட்டா அதையே சுத்திச் சுத்தி ஓடி, கயிறு பூராத்தையும் தூண்ல சுத்தி வெச்சுருமாம். அது பேரு பாபினுங்க."

எங்கிருந்து வந்தது அந்த நாய்? சத்தியமாக இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலாளி "அட, நாயா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

அப்புறம் தினமும் டீ டயத்தில் ஒரு வார்த்தை வந்து நின்றது. ஜட்டியில் தொடைச்சந்தில் வைத்துத் தைக்கிற சின்னத் துண்டுக்குக் கஸெட் என்று பெயர். அது ஏன் என்று கேட்டார்கள். கஸெட் ஒரு துரை என்றேன். தடித்த துரை. ராணிக்குக் கும்பிடு போடக் குனிந்தார், டர்ர்ர்! சபை முழுக்கக் கேட்டது. ராணி பெரிய மனசு பண்ணித் தன் கைக்குட்டையைக் கொடுக்க, தையல்காரன் அதை அந்த இடத்தில் வைத்துத் தைத்தான். "மகராசி" என்றார் காதர் அண்ணன், ராணியை நேரில் பார்த்தவர் மாதிரி.

மூன்றாவது மாதக் கடைசியில் சரக்கு வாங்க இங்கிலாந்திலிருந்து ஒரு பையர் வந்தார். சாம்பிளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் முதலாளி சும்மா இருக்கவில்லை.

"அம்மிணி, அந்தக் கஸெட் துரை கதைய இவருக்கு இங்கிலீஷ்ல சொல்லு. நம்ம ஆபீஸ்ல எத்தனை வெவரமான ஆளு இருக்குதுன்னு தெரியட்டும்."

போச்சு, சேவூர்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த டர்ர்ர் உட்பட, மொத்தத்தையும் சொன்னேன். பையர் முகம் சிவந்தது. பிறகு தலையாட்டி, "ரொம்பச் சரி, பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன்" என்றாரே பார்க்கலாம்!

முதலாளி பூரித்துப்போய் இளநீர் சொல்ல வெளியே போனார். பையர் மெல்லக் குனிந்து, "நிஜமாகவா?" என்று கேட்டார். ஆயுள் முழுக்க ஜட்டி வியாபாரமாம், ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசித்ததே இல்லையாம். வெள்ளைக்காரனுக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது, அதனால்தான் தலையாட்டினாராம். நான் உண்மையைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. முதலாளி இளநீரோடு உள்ளே வந்துவிட்டார்.

"என்ன சொல்றாரு?"

இன்னொரு கதை நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. ஆனால் தன் பொய்க்கே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மனிதர் பக்கத்தில் நின்றபோது எனக்கும் தைரியம் வந்துவிட்டது.

"அவருக்குத் தெரியாதாமுங்க. எனக்கும் தெரியாதுங்க. எல்லாம் நானா உட்டதுங்க."

முதலாளி இளநீரை மேஜையில் வைத்தார்.

"அப்ப அந்த நாயி?"

"நாயும் இல்லீங்க."

அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. "எங்கூட்டுக்காரி சிரிச்சு வருசக்கணக்காச்சு. அந்த நாய்க் கதைக்குத்தான் சிரிச்சா. இப்ப நான் போயி என்னத்தைச் சொல்லுவேன்?"

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. என்ன சொல்கிறார் என்று பையர் கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "கஸெட் துரையைப் பற்றி எனக்குத் தெரியாது. நாய் இருந்தது உண்மை. எங்கள் தெருதான்" என்றார். அதையும் தமிழில் சொன்னேன். முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேட்டயா? நாயி இருக்குது. நீயும் இரு."

நான் நிரந்தரமானது இப்படித்தான். இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வேலையில் தெரியாததைத் தெரியாது என்று முதலில் சொல்லிவிடுங்கள், ஒரு குடியும் மூழ்காது. சொல்லிவிட்டபின் எவ்வளவு வேண்டுமானாலும் கதை விடலாம். நான் ரிட்டையர் ஆகும்வரை விட்டேன்.

நான் நிரந்தரமான அடுத்த மாதம் அந்தப் பையரின் முதல் ஆர்டர் லெட்டர் வந்தது. சைஸ், கலர், பேக்கிங் எல்லாம் முடிந்து, கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி: 'நாய் சௌக்கியமா?'

"நல்லா இருக்குதுன்னு அடி" என்றார் முதலாளி. அடித்து முடித்துப் பேப்பரை உருவப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாலு குட்டி போட்டிருக்குதுன்னும் சேத்து அடி. எங்கூட்டுக்காரி நேத்துச் சொன்னா."