ராத்தாவின் கலியாணமும் சபைக் குப்பையும்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண்ணை ஒரு பார்வை பார்த்தால் வீட்டை ஒன்பது பார்வை பார்ப்பார்கள். எனக்கு மூத்தவளான ராத்தா அழகி. வீடும் வாப்பா தறியில் முதுகு வளைந்து கட்டிய கல்வீடு. ஆனாலும் இரண்டு சம்பந்தங்கள் வாசலோடு திரும்பிவிட்டன. எல்லாம் மூக்கு செய்த வேலை.

சூறாவளி அடித்த வருடம், விழுந்த தென்னைகளையும் கூரைத் தகரங்களையும் கொட்ட இடம் தேடிய ஊர்ச் சபைக்காரர்கள், எங்கள் ஒடுங்கிய ஒழுங்கை முடியும், உப்புத் தண்ணீர் தேங்கும் களப்பின் ஓரத்தைப் பிடித்தார்கள். தகரம் தீர்ந்தது. ட்ரக்டர் வருவது மட்டும் நிற்கவில்லை. சந்தையின் மீன் குடல், அழுகிய மரக்கறி, மாட்டுக் கழிவு என்று ஊர் தின்று மிஞ்சியதெல்லாம் எங்களிடம் வந்து நாறியது. பெரிய வீதிக்காரர்களின் வாசலில் ஏன் கொட்டுவதில்லை என்று கேட்க எங்கள் ஒழுங்கையில் ஆளில்லை. இருந்தவர்கள் தறிகாரர்களும் வயல் கூலிகளும்தான். தம்பிக்கு வயிற்றோட்டம் ஓயவே இல்லை. வகுப்பில் பிள்ளைகள் என்னைவிட்டு ஒரு முழம் தள்ளித்தான் இருப்பார்கள். வலது கையால் சாப்பிட்டு இடது கையால் சோற்றில் மொய்க்கும் இலையான் விரட்ட நாங்கள் பழகியிருந்தோம்.

மூன்றாவதாக ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். ராத்தாவை எங்கோ கண்டுவிட்டு ஒற்றைக் காலில் நின்றாராம். அவருடைய வாப்பா சவளக்கடைப் பக்கம் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த போடியார். சபையிலும் அவர் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும். இதுவும் தட்டிப்போனால் ராத்தா வீட்டோடுதான் என்று உம்மா தொழுகைப் பாயிலேயே அழுதார்.

வாப்பா ஒரு தந்திரம் செய்தார். பின்னேரம் கடற்காற்று எழும்பினால் நாற்றம் களப்பைத் தாண்டி வயல்வெளிக்குப் போய்விடும். அதனால் அசர் தொழுதுவிட்டு வரும்படி போடியாருக்குச் சொல்லியனுப்பினார். உம்மா மேலதிகக் காவலுக்கு மூலைக்கு மூலை சாம்பிராணி போட்டார்.

அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்தது. அன்றைக்கென்று மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பொழுது சாய்ந்தும் ஓயவில்லை. களப்புப் பக்கத்து நாற்றத்தை அள்ளிக்கொண்டு வந்து நேரே எங்கள் வீட்டு மண்டபத்தில் இறக்கியது. சாம்பிராணியும் அழுகல் மீனும் கலந்தால் என்ன மணம் வரும் என்பதை அன்றுதான் அறிந்தோம். போடியார் சர்பத் கிளாசை எடுத்தார். அதற்குள் ஓர் இலையான் விழுந்தது.

"இதென்ன நாத்தம்?" என்றார்.

வாப்பா கூரையைப் பார்த்தார். நான் கதவு நிலையில் நின்றிருந்தேன். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று ஓதித்தரும் லெவ்வை சொல்லியிருந்தார்.

"சபை ட்ரக்டர் கொட்டுற குப்பை" என்றேன்.

"இஞ்ச கொட்டச் சொன்ன ஆரு?"

"நீங்கதானாம். வாப்பா ஒவ்வொரு நாளும் சொல்ற."

உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் என்னை இழுத்துத் தொடையில் நுள்ளிய நுள்ளு ஒரு கிழமைக்குக் கன்றியிருந்தது. ராத்தா முகத்தை மூடிக்கொண்டாள். கலியாணம் போயிற்று, போக்கியது என் வாய்தான் என்று எனக்கே விளங்கிவிட்டது. பயத்தில் அழுகைகூட வரவில்லை.

போடியார் எழுந்துபோய்க் களப்புப் பக்கத்து யன்னலைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தனக்குத்தானே கேட்பதுபோல, "என்ட மகன் இஞ்சயிருந்து எப்பிடிச் சோறு தின்ற?" என்றார்.

அது சம்மதம் என்று முதலில் பிடித்தவர் உம்மாதான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று திரைக்குப் பின்னாலிருந்து சத்தமாகவே சொல்லிவிட்டார். போடியார் இலையானை விரலால் எடுத்தெறிந்துவிட்டு, மிச்சச் சர்பத்தையும் குடித்துவிட்டே போனார்.

அடுத்த கிழமை ட்ரக்டர் வரவில்லை. அதற்கடுத்த கிழமை கிரவல் மண் வந்து பழைய குவியலை மூடியது. வானத்திலிருந்து ஒரு மலக்கு வந்து யன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது எங்களுக்கு. தம்பியின் வயிறு தேறியது. வகுப்பில் பிள்ளைகள் கிட்ட வந்து இருந்தார்கள். சாப்பிடும்போது இடது கைக்கு வேலையே இல்லாமல் போனது. குப்பை எங்கே என்று உம்மாவிடம் கேட்டேன்.

"அது போயிட்டு மகள்" என்றார். நானும் நம்பினேன்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. மச்சான் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். ஊர்த் தண்ணீரெல்லாம் ஓடிவந்து கடலில் விழும் இடத்தில், மீன்பிடிக்காரர்களின் குடிசைகளுக்குப் பின்னால், சபை ட்ரக்டர் பெட்டியைத் தூக்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. மச்சான் சைக்கிளைத் திருப்பினார்.

வீட்டில் ராத்தா அவருக்காக வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய், "குப்பை போன இடத்தைக் கண்டுபிடிச்சிட்டன் ராத்தா!" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்தி அப்படியே நின்றது. "அங்க வீடு இருக்கா?" என்றாள்.

"ஓம். கிடுகு வீடுகள்."

"கொமர்ப் பிள்ளைகள் இருக்காங்களா?"

கலியாணம் முடிக்காத பெண்களைப் பற்றித்தான் கேட்கிறாள். நான் யோசித்துப் பார்த்தேன். "ஓம். ரெண்டு பேர் கிணத்தடியில நிண்டாங்க."

ராத்தா எழுந்து அறைக்குள் போய்விட்டாள். கலியாணம் முடித்தவளுக்கு இனி என்ன கவலை என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கென்று எடுத்துவைத்திருந்த வட்டிலப்பத்தையும் நானே இருந்து தின்று தீர்த்தேன்.